ஒரு லட்சம் எறும்பு குறைகிறது

மாமாவை எடை போட்டே ஆக வேண்டும் என்று தராசு முடிவு செய்துவிட்டான்.

தராசு என்பது அவன் பெயரல்ல. எடை அளவைத் துறையில் ஆய்வாளராக இருப்பவனுக்கு அலுவலகத்தில் வைத்த பட்டம், வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. வாரத்தில் ஐந்து நாளும் கடை கடையாகப் போவான். பெட்டியிலிருந்து பித்தளை எடைக்கற்களை இடுக்கியால் எடுத்து வைத்து, முள் நடுவில் நிற்கிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பான். நின்றால் முத்திரை. நிற்காவிட்டால் கடைக்காரர் எவ்வளவு கெஞ்சினாலும் ஒரு சொல் பேசமாட்டான். பேசாமல் நிற்பது அவனுக்கு இயல்பாகவே வரும். கெஞ்சுகிறவர்களே களைத்துப்போய் ஓய்ந்துவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் அவன் வேறு ஆள். டெய்லர் கடையின் பின்னறையில், துணி வெட்டும் பெரிய மேஜையைச் சுற்றி ஐந்து பேர் உட்காருவார்கள். தலைக்கு மேலே யாரும் வாங்கிப்போகாத கால்சட்டைகள் வரிசையாகத் தொங்கும். அங்கே தராசு கதை சொல்லுவான். இருண்ட காடு, பாழடைந்த கோட்டை, கோட்டைக்குள் சிறைப்பட்ட இளவரசன், எல்லாம் அவன் கற்பனை. மற்ற நால்வரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, இப்போது நான் இதைச் செய்கிறேன் என்று சொல்லிப் பகடையை உருட்டுவார்கள். விழுகிற எண்ணைப் பொறுத்துக் காரியம் பலிக்கும், அல்லது பல்லிளிக்கும். ஆட்டத்துக்கு 'ஒன்பதாவது கோட்டை' என்று பெயர். விதிப் புத்தகம் இருநூறு பக்கம். ஆறு வருடமாக அவன் ஒற்றை ஆளாக எழுதியது.

அதை நாலு இடங்களுக்கு அனுப்பிப் பார்த்தான். மூன்று இடத்திலிருந்து பதிலே இல்லை. நான்காவது ஓர் அச்சகக்காரம்மா. செருப்புக்கும் மருந்துக்கும் அட்டைப்பெட்டி அடிப்பது அவர் தொழில். வருடத்துக்கு ஒரே ஒரு மேஜை ஆட்டத்தை மட்டும் ஆசைக்காக அச்சடிப்பார். அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது.

'உங்கள் ஆட்டத்தில் ஒருவர் ஆடுகிறார், மூன்று பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். உருமாறி வேடக்காரர் என்ன வேண்டுமானாலும் ஆகலாம் என்றால் மற்றவர்கள் எதற்கு? மந்திரங்கள் நாற்பது இருக்கின்றன. வீரனுக்கும் அதே நாற்பது, திருடிக்கும் அதே நாற்பது. பிறகு யார் வீரன், யார் திருடி? இரண்டையும் திருத்துங்கள். மூன்றாவது ஞாயிறு மூன்று மணிக்கு நேரில் வந்து பார்க்கிறேன். ஐந்து மணிக்கு எனக்குப் பேருந்து.'

தராசு அதைப் பன்னிரண்டு முறை படித்தான். ஒவ்வொரு முறையும் அந்த அம்மா சொன்னதே சரியாக இருந்தது. அதுதான் வேதனை.

உருமாறி வேடம் மாமாவுடையது. மாமா என்றால் தராசின் அக்கா வீட்டுக்காரர். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். கற்றுக்கொள்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனிப் பிரேக்கின் மேல் கால் வைத்தபடி நாள் முழுவதும் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பேச்சு பிரேக் இல்லாமல் வரும். ஆறு வருடத்தில் அவர் கழுகாகப் பறந்து காவலைத் தாண்டினார், எலியாகிப் பூட்டுக்குள் புகுந்தார், ஒருமுறை எதிரியின் தலைக்கு நேர் மேலே திமிங்கலமாகி விழுந்தார். அன்றைக்கு அரை மணி நேரம் வாளைத் தீட்டிக்கொண்டிருந்த டெய்லர், "சரி, நான் போய் டீ போடறேன்" என்று எழுந்து போய்விட்டார்.

யோசித்து யோசித்துத் தராசு நாற்பத்தொன்றாவது விதியை எழுதினான். உருமாறி எந்த உயிராக மாறினாலும் எடை மாறக்கூடாது. தொண்ணூறு கிலோ மனிதன் தொண்ணூறு கிலோ பன்றி ஆகலாம், எலி ஆக முடியாது, திமிங்கலம் கனவிலும் முடியாது. முள் நடுவில் நிற்கும் விதி. எழுதி முடித்ததும் அவனுக்கே தன் மேல் ஒரு மரியாதை வந்தது.

"சரி, உங்க உருமாறி எவ்வளவு எடை மாமா?" என்று கேட்டான்.

"ஆயிரம் கிலோன்னு போட்டுக்கோ மாப்ளே."

இதற்குப் பிறகுதான் வீட்டிலிருந்து எடை மேடையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவனே சோதித்து அவனே முத்திரை வைத்தது.

"ஏறுங்க."

"நான் என்ன வெங்காய மூட்டையா?"

"ஆடறவங்க எடைதான் வேடத்தோட எடை. புது விதி."

"ஏறுங்களேன், எனக்கும் ரொம்ப நாளா ஒரு சந்தேகம்" என்றாள் ஆட்டத்தில் பாடகியாக வரும் அக்கா.

மாமா கடிகாரத்தைக் கழற்றினார். பெல்ட்டைக் கழற்றினார். கண்ணாடியைக் கழற்றி டெய்லர் கையில் கொடுத்தார். "பல்லு கழட்டணும்னா சொல்லுங்க, நான் இருக்கேன்" என்றார் பல் டாக்டர். அவர்தான் ஆட்டத்தில் திருடி. மாமா ஏறினார். தொண்ணூற்று நான்கு கிலோ. கிராம் கணக்கில் பூஜ்யம்.

"மெஷின் கொஞ்சம் கூடக் காட்டுது" என்றார் மாமா.

தராசு குனிந்து முத்திரையைத் தொட்டுக் காட்டினான்.

தொண்ணூற்று நான்கு கிலோவில் உலகத்தில் என்ன உயிர் இருக்கிறது என்று தேடினார்கள். பெரிய பன்றி. சின்னத் தீக்கோழி. மாமாவுக்கு இரண்டும் பிடிக்கவில்லை. "ஒரு ஆடாவது ஆகலாமா?" என்றார் பரிதாபமாக. ஆடு முப்பது கிலோதான். மீதி அறுபத்து நான்கு கிலோ எங்கே போகும்?

இந்த இடத்தில்தான் தராசு தவறு செய்தான். தராசுக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தவறு. தட்டில் பெரிய கல் வைத்து முள் சமனாகாவிட்டால் என்ன செய்வோம்? சின்னக் கற்களைச் சேர்ப்போம். கை தானாகவே அந்தப் பக்கம் போயிற்று. நாற்பத்தொன்றாவது விதியின் கீழே எழுதினான்: 'தேவையானால் ஒன்றுக்கு மேற்பட்ட உயிர்களாகப் பிரியலாம். மொத்தம் சமமாக இருந்தால் போதும்.'

"அப்ப மூணு ஆடும், சில்லறைக்கு ரெண்டு கோழியும்" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். தராசும் சிரித்தான்.

அடுத்தது மந்திரங்கள். நாற்பதையும் தராசு ஒரே கோடாகக் கிழித்துப் போட்டான். இனி ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரே ஒரு மந்திரம், அதை வேறு யாரும் தொட முடியாது. ஆனால் வீரனுக்கு என்ன மந்திரம், திருடிக்கு என்ன மந்திரம்? வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு நாலு நாள் உட்கார்ந்திருந்தான். ஐந்தாம் நாள், மனிதர்கள் வேலை செய்யும்போது அவர்களிடம் ஏதோ ஒன்று வந்து தங்குகிறது என்று தோன்றியது. போய்ப் பார்த்தான்.

பல் டாக்டரின் மருத்துவமனையில் காத்திருப்பவர்களோடு உட்கார்ந்தான். கடுகளவு துளைக்குள் ஊசியை விட்டு, உடைந்த துணுக்கை அவர் நோகாமல் வெளியே எடுப்பதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தான். டெய்லர், வெட்டுப்பட்ட இரண்டு துணிகளை ஒன்றாகவே பிறந்தது போல் சேர்ப்பதைப் பார்த்தான். அக்காவைப் பார்க்கப் பேருந்து நிலையத்துக்குப் போனான். அங்கே ஒலிபெருக்கியில் அறிவிப்பது அவள் வேலை. ஆயிரம் பேர் ஆயிரம் பக்கம் பார்த்து நின்ற கூட்டம், அவள் குரல் வந்ததும் ஒரு கணம் ஒரே பக்கம் திரும்பியது. தராசுக்கு உடம்பு சிலிர்த்தது. அவள் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து, 'இங்கே என்னடா பண்றே?' என்று சைகையில் கேட்டாள்.

அடுத்த ஞாயிறு புதிய மந்திரங்களை வாசித்தான். திருடி, எவ்வளவு சிறிய துளைக்குள் இருந்தும் எதையும் சேதமில்லாமல் எடுப்பாள். வீரன், பிரிந்த இரண்டை ஒரே தையலில் சேர்ப்பான். பாடகி கூப்பிட்டால், கேட்ட உயிரெல்லாம் அவள் பக்கம் திரும்பும். அவ்வளவுதான்.

டெய்லர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"தம்பி" என்றார் டெய்லர். அடக்கமான மனிதர். "வாரத்துல ஆறு நாள் தைக்கிறேன். ஏழாவது நாள் வாளெடுத்து நாலு பேரை வெட்டலாம்னு வந்தா, இங்கேயும் ஊசியா?"

"பூதம் வந்தா அதோட வாய்க்குள்ளயும் நான்தான் கை விடணுமா?" என்றார் டாக்டர்.

"எனக்கு மைக்காவது உண்டா?" என்றாள் அக்கா.

மாமா மட்டும் தாராளமாகத் தலையாட்டினார். "அருமை மாப்ளே. ரொம்ப அருமை." ஏதோ ஒளித்து வைத்திருப்பவர் முகம் அது. தராசு அதைக் கவனித்திருக்க வேண்டும். திருத்திய விதிகளைச் சுத்தமாக நகலெடுக்கிற அவசரத்தில் விட்டுவிட்டான்.

மூன்றாவது ஞாயிறு சரியாக மூன்று மணிக்கு அச்சகக்காரம்மா வந்தார். ஒல்லியாக, உயரமாக, பெரிய தோல் பையோடு. நாற்காலியில் உட்கார்ந்ததும் மேஜை மேல் இருந்த ஆட்ட அட்டைகளை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். "அட்டை மட்டம்" என்றார். பிறகு, "நான் இருக்கேன்னு நினைக்காதீங்க. ஆடுங்க" என்றார். அதைக் கேட்டதும் அவர் ஒருவர்தான் அறையில் இருக்கிறார் என்பது போல் எல்லோருக்கும் ஆகிவிட்டது.

தராசு கதையைத் தொடங்கினான். முதலில் குரல் ஒட்டவில்லை. பிறகு கோட்டையின் இரும்புக் கதவு வந்தது, கதவுக்குப் பின்னால் நூறு காவலர்கள், பாதாள அறையில் இளவரசன். இங்கே நால்வரும் கைகோக்க வேண்டும். அதற்காகவே மூன்று வாரம் அந்தக் கதவைச் செதுக்கியிருந்தான்.

"கதவு முன்னாடி நிக்கறீங்க. என்ன பண்றீங்க?"

மாமா தொண்டையைச் செருமினார். அச்சகக்காரம்மாவைப் பார்த்து ஒரு புன்னகை செய்தார். "நான் எறும்பாகிறேன்."

"முடியாது மாமா. எடை."

"ஒரு எறும்பா ஆகறேன்னு சொன்னேனா? விதி நாற்பத்தொண்ணு, கீழ் வரி. ஒன்றுக்கு மேற்பட்ட உயிர்களாகப் பிரியலாம்." சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். "ஒரு எறும்பு மூணு மில்லிகிராம். புத்தகத்துல பார்த்துட்டேன். நான் தொண்ணூத்து நாலு கிலோ. ஆக மூணு கோடியே பதிமூணு லட்சத்து முப்பத்து மூவாயிரத்து முந்நூத்து முப்பத்து மூணு எறும்பு."

அறையில் ஊசி விழுந்தால் கேட்கும். அங்கே விழுவதற்கு ஊசிகளும் நிறைய இருந்தன.

தராசு மனதுக்குள் பெருக்கினான். "ஒரு மில்லிகிராம் மிச்சம் வருது" என்றான் வறண்ட குரலில்.

"ஒரு எறும்பு கொஞ்சம் குண்டு" என்றார் மாமா. "சாப்பிட்டுட்டு வந்திருக்கு."

அக்கா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "செவ்வாய்க்கிழமை சர்க்கரை டப்பா பக்கத்துல அரை மணி நேரம் குனிஞ்சு நின்னாரு. முதுகு பிடிச்சுக்கிச்சோன்னு நினைச்சேன்."

"எத்தனை தடவை பகடை போடணும்?" என்றார் அச்சகக்காரம்மா. அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"உயிருக்கு ஒண்ணு" என்றார் மாமா பெருமையாக. "அதுவும் விதிதான்."

பல் டாக்டர் கைப்பேசியில் கணக்குப் போட்டார். "நொடிக்கு ஒண்ணுன்னு தூங்காம போட்டா, ஒரு வருஷத்துக்கு ரெண்டு மூணு நாள் குறையும்."

"எனக்கு அஞ்சு மணிக்கு பஸ்" என்றார் அச்சகக்காரம்மா.

மூன்று கோடியில் ஒன்றுக்காவது ஆறு விழாமலா போகும்? விழுந்ததாகவே வைத்துக்கொண்டார்கள். டெய்லர் பெரிய பொத்தான் டப்பாவை எடுத்து வந்தார். ஒரு பொத்தானுக்கு ஒரு லட்சம் எறும்பு என்று முந்நூற்றுப் பதின்மூன்று பொத்தான்களை எண்ணி, சில்லறைக்கு ஒரு கொக்கியும் சேர்த்து, மேஜை மேல் கொட்டினார். மாமா இரண்டு கையாலும் அவற்றைக் கோட்டை வரைபடம் முழுக்கப் பரப்பினார். எறும்புகள் கதவுக்கு அடியில் போயின. காவலர்களின் கவசத்துக்குள் போயின. நூறு பேரும் வாளைப் போட்டுவிட்டுச் சொறிந்துகொண்டு ஓடினார்கள். தாழ்ப்பாளை லட்சம் எறும்பு தள்ளியது. நாலு நிமிடத்தில் ஒன்பதாவது கோட்டை விழுந்தது.

டெய்லர் எழுந்து நின்றார். "நான் போய் டீ போடறேன்."

அச்சகக்காரம்மா பையின் வாரை எடுத்துத் தோளில் மாட்டினார். கோபம்கூட இல்லை அவர் முகத்தில். ஒருவர் ஆடுகிறார், மூன்று பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். அவர் எழுதியதை அவர் கண் முன்னாலேயே நடத்திக் காட்டியாகிவிட்டது. மாமா அவரையே பார்த்துக்கொண்டு பாராட்டுக்காகக் காத்திருந்தார். அவர் கெடுக்க நினைத்தவரில்லை. மச்சானுக்காக வைத்திருந்த பரிசு அது.

"இல்லைன்னு சொல்லுடா" என்றாள் அக்கா காதோடு. "உன் புத்தகம். ஒரு கோடு கிழிச்சா முடிஞ்சுது."

தராசு பேசவில்லை. ஆறு வருடம் அந்தத் தோல் பையோடு எழுந்து போகப் பார்க்கிறது. ஒரு சொல் போதும். ஆனால் முத்திரை வைத்த தராசு, அப்புறம் வைத்தவனுக்கே பாதகமாக நின்றாலும் செல்லும். இதைத்தான் தினமும் கடைக்காரர்களிடம் பேசாமலே சொல்லிக்கொண்டிருக்கிறான். இன்றைக்குத் தன் கடை என்பதால் கல்லை மாற்றி வைத்தால், நாளைக்குக் காலையில் எந்த முகத்தோடு இடுக்கியை எடுப்பது?

அவன் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மேஜை முழுக்கச் சிதறிக் கிடந்தன. சில வரைபடத்தின் சுவர் கோடுகள் மேல், சில பகடைக் கிண்ணத்துக்குள், சில தரையில். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். இரண்டும் ஆகியிருக்கலாம். டெய்லர் டீ போடாமல் வாசலிலேயே நின்றார். வாரை மாட்டிய அச்சகக்காரம்மாவும் எழாமல் இருந்தார்.

"விதி செல்லும் மாமா" என்றான் கடைசியில். "கோட்டை உங்களுது."

"அப்படிப் போடு!"

"சரி, மனுஷனா திரும்பி வாங்க."

"வந்துட்டேன்."

"எப்படி? திரும்பும்போதும் அதே எடை வேணும். தொண்ணூத்து நாலு கிலோ. கிராம் குறையக்கூடாது. அதுவும் நாற்பத்தொண்ணுதான்." தராசு வரைபடத்தைச் சுட்டினான். "பூட்டுக்குள்ள எட்டு லட்சம் எறும்பு இருக்கீங்க. சமையலறையில தேன் பானையைப் பார்த்து அறுபது லட்சம் எறும்பு போயிட்டீங்க. காவலர்கள் ஓடினாங்களே, அவங்க கவசத்துக்குள்ள காட்டுப் பக்கமா நாற்பது லட்சம் எறும்பு ஓடிக்கிட்டிருக்கீங்க. எறும்புக்கு எறும்பு புத்திதான். மாமான்னு ஒருத்தர் இருந்தாருன்னே அதுங்களுக்குத் தெரியாது. யார் போய்க் கூட்டிட்டு வருவாங்க?"

மேஜைக்கு அடியில் மாமாவின் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்தது.

"வராம போனா?" என்றார் மெதுவாக.

"வந்தவரைக்கும் மாமா."

முதலில் எழுந்தது அக்கா. எட்டு வருடமாக அறிவித்த குரல், மைக்கே இல்லாமல் அறையை நிறைத்தது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு! காட்டுப் பக்கமா போயிட்டிருக்கற எறும்புகள் உடனே புறப்பட்ட இடத்துக்குத் திரும்பணும்!" பாடகியின் பகடை உருண்டது. ஆறு. நாற்பது பொத்தான்கள் ஒரே பக்கம் திரும்பின. டெய்லரே அவற்றைத் திருப்பி வைத்தார்.

"பூட்டு என்னுது" என்று டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "வாயைத் திறங்க. பூட்டைச் சொன்னேன். வலிக்காது." லட்சம் லட்சமாக வெளியே எடுத்தார். சுவர் விரிசலில் இருந்ததை எடுத்தார். தேன் பானையில் மூழ்கியதை எடுத்து ஊதிக் காய வைத்தார்.

ஆனால் கூட்டி வைத்த எறும்புகள் நிற்கவில்லை. அக்கா கூப்பிட்டு முடித்ததும் மறுபடி கலைய ஆரம்பித்தன. அவை தேனை இன்னும் மறக்கவில்லை என்றான் தராசு. எல்லோரும் டெய்லரைப் பார்த்தார்கள்.

டெய்லர் மெதுவாக வந்து உட்கார்ந்தார். ஊசி கோப்பது போல விரலை ஈரப்படுத்திக்கொண்டார். "கை காலையெல்லாம் முதல்ல கொண்டாங்க. வயித்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம், அதுக்குத்தான் துணி நிறைய வேணும்."

அதற்கப்புறம் யார் எப்போது பேசினார்கள் என்று சொல்ல முடியாது. கூப்பிடுவதும் எடுப்பதும் தைப்பதுமாக மேஜை அமளிப்பட்டது. "இடது காது எங்கே?" "சமையலறையில!" "தொப்பைக்கு இன்னும் ஒன்பது லட்சம் வேணும்!" மாமா ஒருவர்தான் பேசவில்லை. எறும்பு பேசாதே. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, தன்னைப் பொறுக்குகிற கைகளையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருடத்தில் அவர் இவ்வளவு நேரம் மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்ததே இல்லை.

"இங்கே ஏழு லட்சம் இருக்கு" என்று மேஜைக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. அச்சகக்காரம்மா தரையில் முழங்கால் போட்டிருந்தார். பை நாற்காலியில் கிடந்தது.

எண்ணினார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பொத்தான், ஒரு கொக்கி. மறுபடி எண்ணினார்கள். தையல் மெஷினை நகர்த்தினார்கள். துண்டுத் துணி மூட்டையை உதறினார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டுதான்.

"ஒரு லட்சம் எறும்பு" என்றான் தராசு. "முந்நூறு கிராம் குறையுது."

"முந்நூறு கிராம் என்ன போயிருக்கும் மாப்ளே?" மாமாவின் குரல் தேய்ந்துபோயிருந்தது.

தராசு யோசித்தான். விதி இல்லாத இடம். "உங்களுக்குத் தெரியாது மாமா. போனது என்னன்னு போனவங்களுக்கு எப்படித் தெரியும்? கூட இருக்கறவங்களுக்குத்தான் தெரியும். அவங்க எழுதி வைப்பாங்க. நீங்க மட்டும் பார்க்கக்கூடாது."

ஒரு சீட்டைக் கிழித்து அக்காவிடம் கொடுத்தான். உருமாறியை ஆட்டத்தில் ஆறு வருடமாகவும் வீட்டில் பதினைந்து வருடமாகவும் பார்ப்பவள் அவள்தான். "குறட்டையா இருக்கட்டும் கடவுளே" என்று முணுமுணுத்தபடி, கையை மறைத்துக்கொண்டு எழுதினாள். மடித்துத் தம்பியிடம் நீட்டினாள்.

தராசு பிரித்துப் படித்தான்.

'ஒண்ணும் குறையலை. பொத்தான் என் கையில இருக்கு. வாயைத் திறந்தே, கொன்னுடுவேன்.'

அவன் நிமிர்ந்தான். அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், இடது கை பொத்தியபடி. மாமா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணில் உயிரை வைத்துக்கொண்டு. தராசின் கைகள் முத்திரை வைக்கும் கைகள், ஒரு கிராமுக்காகக் கடைகளை மூட வைத்த கைகள். அந்தக் கைகள் சீட்டை நிதானமாக மடித்தன.

"பெரிய விஷயம்தான்" என்றான் தராசு. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பொய் எடைக்குச் சாட்சி சொன்னான். காது நுனி வரை சூடாகிவிட்டது.

சீட்டு கை மாறியது. டாக்டர் படித்தார், "அடப்பாவமே" என்றார். டெய்லர் படித்துவிட்டு மாமாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார். கடைசியாக அச்சகக்காரம்மா படித்தார். அவர் தோள் குலுங்கியது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, இருமல் வந்தவர் போல் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவங்களுக்குமா தெரியணும்?" என்றார் மாமா.

மணி ஐந்தரை. பேருந்து போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. அச்சகக்காரம்மா பையை எடுத்தார். "நாற்பத்தொண்ணுல ஒரு எழுத்தும் மாத்தாதீங்க" என்றார் தராசிடம். "அந்த எறும்பு வரியை எடுக்கவே கூடாது. வெத்துச் சீட்டு ஒரு கட்டு பெட்டிக்குள்ள போடணும், மடிக்கற மாதிரி தாள்ல. பொத்தானும் போடலாமான்னு பார்க்கறேன். அட்டை மட்டும் நான் சொல்ற அட்டை."

தராசுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அடுத்த பஸ் எப்போ?" என்றார் அவர் பொதுவாக.

"ஐந்து ஐம்பதுக்கு, நான்காவது நடைமேடையிலிருந்து புறப்படும்" என்றாள் அக்கா, கையைப் பொத்தியபடியே.

அந்த வாரம் முழுவதும் மாமா நிம்மதியாக இல்லை. திங்கட்கிழமை தராசின் அலுவலகத்துக்குப் போன் செய்தார். "நல்லதா கெட்டதா, அதை மட்டும் சொல்லு." புதன்கிழமை ஒரு பெண்ணுக்குக் காரைப் பின்னோக்கி எடுக்கக் கற்றுக்கொடுக்கும்போது, வழக்கமாகச் சொல்லும் ஜோக்கின் முடிவு மறந்துபோய் நடு ரோட்டில் பிரேக் போட்டுவிட்டாராம். "அதுதானா அது?" என்று அன்று மாலையே கேட்டார். அக்காவிடம் முன்னைவிட மரியாதையாகப் பேசினார். அவள் சொல்வதைக் கடைசி வரை கேட்டார். தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தார். அக்கா பொத்தானை நகைப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். "இன்னும் ரெண்டு வாரம் போகட்டும்டா" என்றாள் தம்பியிடம். "வீட்ல இப்பதான் என் குரல் எனக்கே கேக்குது."

ஞாயிற்றுக்கிழமை மாமாதான் முதலில் வந்தார். யாரும் சொல்லாமலே கடிகாரத்தையும் பெல்ட்டையும் கண்ணாடியையும் கழற்றி வைத்துவிட்டு எடை மேடையில் ஏறினார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தராசு குனிந்து பார்த்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தான்.

தொண்ணூற்று மூன்று கிலோ எழுநூறு கிராம்.

"எவ்வளவு மாப்ளே? ஏன் பேசமாட்டேங்கறே?"

தராசு தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, முத்திரை முத்திரையாகத்தான் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.